எளிய சமன்பாடும் அன்றாடக் கணக்கும்

கணிதபாடத்தில் மாணவர் பலர் இடர்ப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று பின்னம், மற்றையது அட்சரகணிதம். பின்னத்திலாவது கையாளும் பொருள்கள் எண்களாகவே இருக்கின்றன. அட்சரகணிதத்திலோ எண் நின்ற இடத்தில் எழுத்து வந்து நிற்கின்றது. எழுத்தைக் கண்டதும் மாணவன் இது வாழ்க்கைக்குப் புறம்பான ஒரு விளையாட்டு என்று எண்ணிவிடுகின்றான். விதிகளை மனனஞ்செய்து பரீட்சையில் ஒப்புவித்து, பரீட்சை முடிந்ததும் அவற்றை மறந்துவிடுகின்றான்.

இதன் விளைவை எந்த வகுப்பிலும் காணலாம். 3ய + 50 = 500 எனக் கரும்பலகையில் எழுதி, ய யாது என வினவினால் விடை விரைந்து வரும். "மூன்று கொப்பிகளும் 50 ரூபாப் பென்சில் ஒன்றும் வாங்கியவன் 500 ரூபா கொடுத்தான், கொப்பி ஒன்றின் விலை யாது?" என்று வினவினால், முன்னர் விடை கூறியோருட் பலர் கூட்டுவதா, பெருக்குவதா எனத் தடுமாறுவர். இரண்டும் ஒரே வினா. முன்னையதிற் சமன்பாடு கொடுக்கப்பட்டிருந்தது. பின்னையதில் அதை மாணவனே அமைத்தல் வேண்டும். ஆகவே, சமன்பாட்டைத் தீர்த்தல், சமன்பாட்டை அமைத்தல் எனத் திறன்கள் இரண்டு உள. வாழ்க்கை மனிதனுக்குக் கணக்கைச் சொற்களிலேயே தருகின்றது; ஒருபோதும் சமன்பாடாகத் தருவதில்லை. எனவே இரண்டாந் திறன் இல்லாதவனுக்கு முதலாந் திறனாற் பயன் சிறிதே.

தராசும் சமன்பாடும்

சமன்பாடு என்பது இரு கணியங்கள் சமம் எனக் கூறும் ஒரு கூற்று. அதனைத் தராசுக்கு ஒப்பிடுதல் ஆசிரியர் மரபு. அவ்வொப்புமை மிகப் பொருத்தமானதே. இரு தட்டுகளும் சமனாய் நிற்கையில், இரண்டிலும் ஒரே நிறையை இட்டாலும், இரண்டிலுமிருந்து ஒரே நிறையை எடுத்தாலும், இரண்டையும் ஒரே மடங்காகப் பெருக்கினாலும், சுழியமல்லாத ஒரே எண்ணால் வகுத்தாலும் சமநிலை குலையாது. எளிய சமன்பாட்டைத் தீர்க்கும் முறை முழுவதும் இவ்வளவே.

மேற்காட்டிய கணக்கில் இரு பக்கத்திலுமிருந்து 50ஐக் கழிக்க, 3ய = 450 ஆகும். இரு பக்கத்தையும் 3ஆல் வகுக்க, ய = 150 ஆகும். கொப்பி ஒன்றின் விலை 150 ரூபா.

இதனைச் சுருக்கி, "மறுபக்கம் கொண்டுபோனாற் குறி மாறும்" எனப் பலர் கற்பிக்கின்றனர். இவ்விதி தவறன்று, எனினும் காரணம் அறியாதவன் கையில் அது ஆபத்தானது. 5ய = 20 என்பதைக் கண்ட மாணவன், 5ஐ மறுபக்கம் கொண்டுபோய்க் குறியை மாற்றி, ய = 15 என எழுதுவதுண்டு. அவன் விதியை மறக்கவில்லை. விதி எங்கிருந்து வந்தது என்பதையே அறியான். உண்மையில் எந்த உறுப்பும் எங்கும் செல்வதில்லை. இரு பக்கத்திலும் ஒரே செயல் நிகழ்கின்றது. ஒரு பக்கத்தில் அவ்வுறுப்பு மறைய, மறுபக்கத்தில் அச்செயலின் தடம் எஞ்சுகின்றது. கூட்டப்பட்டிருப்பதைக் கழித்து நீக்கலாம். பெருக்கப்பட்டிருப்பதை வகுத்தே நீக்கலாம். தொடக்கத்தில் ஒவ்வொரு படியிலும் "இரு பக்கத்திலும் யாது செய்தேன்?" எனத் தன்னையே வினவிப் பழகும் மாணவன் பின்னர் குறுக்குவழியைப் பயன்படுத்தினாலும் வழி தவறான்.

பண்டையோர் கண்ட வழிகள்

தெரியாத ஒன்றைத் தெரிந்தவற்றிலிருந்து காணும் முயற்சி மிகப் பழையது. எகிப்து நாட்டில் ஏறத்தாழக் கி.மு. 1550இல் அகமோசு என்னும் எழுத்தன், அதனினும் பழைய ஓர் ஏட்டைப் பார்த்து எழுதிய பப்பிரசுச் சுருள் இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. ஒரு குவியலும் அதன் ஏழிலொரு பங்கும் சேர்ந்து 19 ஆயின் குவியல் யாது என்பது அதிலுள்ள வினாக்களுள் ஒன்று. எகிப்தியர் எழுத்தைப் பயன்படுத்தவில்லை. குவியல் 7 என முதலிற் கற்பனை செய்தனர்; அப்பொழுது மொத்தம் 8 ஆகும். வேண்டியதோ 19. எனவே 8ஐ 19 ஆக்கும் மடங்கால் 7ஐப் பெருக்கி, பதினாறும் எட்டில் ஐந்து பங்கும் என விடை கண்டனர். இது சரியான விடையே.

இம்முறை எல்லா இடத்திலும் செல்லுமா? குவியலும் அதன் ஏழிலொரு பங்கும் அவற்றோடு 3உம் சேர்ந்து 19 எனக் கொள்க. முன்போல 7 எனக் கற்பனை செய்தால் மொத்தம் 11. அம்மடங்கின்படி விடை பன்னிரண்டும் பதினொன்றில் ஒரு பங்கும் என வரும். இது பிழை. 3 என்னும் மாறாத எண் குவியலோடு சேர்ந்து வளராது என்பதே காரணம். முதலில் அதனைக் கழித்து மிகுதி 16 எனக் கொண்டால், விடை 14 எனச் சரியாக வரும். சமன்பாட்டு முறையில் இவ்வேறுபாடு தானே கண்முன் தெரிகின்றது; கற்பனை முறையில் அது மறைந்து நிற்கின்றது. எழுத்தின் சிறப்பு இதுவே.

கி.பி. 499ஆம் ஆண்டைத் தம் காலமாகக் குறிப்பிட்ட ஆரியபட்டர், இரு பக்கத்திலும் தெரியாக் கணியம் வரும் சமன்பாட்டுக்கு ஒரு விதி தந்தார். சம செல்வமுடைய இருவருள் ஒருவரிடம் 6 மணிகளும் 100 காசும், மற்றவரிடம் 8 மணிகளும் 60 காசும் உள எனக் கொள்க. காசுகளின் வேறுபாட்டை மணிகளின் வேறுபாட்டால் வகுத்தால் மணியொன்றின் விலை வரும் என்பது அவர் விதி. 40ஐ 2ஆல் வகுக்க விலை 20 காசு. இதனையே நாம் 6ய + 100 = 8ய + 60 என எழுதுகின்றோம். கி.பி. 628இல் பிரமகுத்தர் செல்வம், கடன் என்னும் சொற்களால் நேரெண்ணையும் மறையெண்ணையும் கையாளும் விதிகளை வகுத்தார். தெரியாக் கணியங்கள் பலவாயின் நிறங்களின் பெயரால் அவற்றைக் குறித்தல் இந்தியக் கணித நூலோர் வழக்கு.

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிசுமி எழுதிய நூலின் பெயரிலிருந்தே அல்ஜிப்றா என்னும் மேனாட்டுச் சொல் பிறந்தது. அந்நூலின் பெயரில் வரும் 'அல்ஜபர்' என்பது குறைந்திருப்பதை நிரப்புதல். 'முகாபலா' என்பது இரு பக்கத்திலும் உள்ள ஒத்தவற்றை எதிரெதிரே நீக்குதல். இன்று நாம் செய்யும் செயல்களும் இவையே. அந்நூலின் பெரும் பகுதி மரணசாதனப்படி சொத்தைப் பங்கிடும் கணக்குகளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. அட்சரகணிதம் தோன்றும்போதே குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் கருவியாகவே தோன்றியது.

இரு சிறு கோடுகளாலாகிய சமக்குறியை 1557இல் வேல்சு நாட்டவரான றொபேட் றெக்கோட் அச்சிற் கொணர்ந்தார். இணையான இரு கோடுகளினும் சமமானவை வேறில்லை என்பது அவர் கூறிய காரணம். 1591இல் பிரான்சு தேசத்து வியெற் தெரிந்த கணியங்களையும் எழுத்தாற் குறித்தார். 1637இல் டேக்காட் தெரியாதவற்றுக்கு நெடுங்கணக்கின் இறுதி எழுத்துக்களை வழங்கினார், அவ்வழக்கே நிலைத்தது. யாழ்ப்பாணத்திலும் இக்கலை தமிழில் எழுதப்பெற்றது. வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். தமிழில் உயர்கணிதம் இயலுமா என்னும் ஐயத்துக்கு அன்றே விடை கூறப்பட்டுவிட்டது.

சொல்லிலிருந்து சமன்பாட்டுக்கு

சமன்பாட்டை அமைப்பதற்கு நான்கு படிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவது, கணக்கை முழுவதும் வாசித்து, கேட்கப்படுவது யாது எனத் துணிதல். இரண்டாவது, அதனை ஓர் எழுத்தாற் குறித்து, அவ்வெழுத்து எதன் எண்ணிக்கை, எந்த அலகில் என்பதை ஒரு வாக்கியமாக எழுதுதல். மூன்றாவது, கணக்கிற் சமமாக இருப்பவை எவை எனத் தேடுதல். நான்காவது, அவ்விரண்டையும் எழுத்தாலும் எண்ணாலும் கூறி, இடையே சமக்குறி இடுதல்.

இரண்டாம் படியை மாணவர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அதனாலேயே பெரும் பிழைகள் விளைகின்றன. ஒரு பாடசாலையில் ஆசிரியர் ஒருவருக்கு 25 மாணவர் வீதம் உளர். ஆசிரியர் தொகையை ஆ எனவும், மாணவர் தொகையை ம எனவுங் கொண்டு இதனைச் சமன்பாடாக்குக என்றால், 25ம = ஆ என எழுதுவோர் பலர். "இருபத்தைந்து மாணவர், ஓர் ஆசிரியர்" என்னும் சொல்லொழுங்கை அவர்கள் அப்படியே பெயர்த்து எழுதுகின்றனர். ஆசிரியர் நால்வராயின் மாணவர் 100 அல்லவா? அதனைப் பிரதியிட்டால் 25 பெருக்கல் 100 சமன் 4 எனப் பொருந்தாக் கூற்று வரும். ம = 25ஆ என்பதே சரியானது. ம என்பது மாணவனைக் குறிக்கும் சுருக்கெழுத்தன்று. மாணவர் தொகையாகிய எண்ணைக் குறிப்பது. எழுத்து எப்பொழுதும் எண்ணையே குறிக்கும் என்பது அட்சரகணிதத்தின் முதற் பாடம்.

இனிக் கடைத்தெருவுக்கு வருவோம். நூற்றுக்கு 20 வீதம் கழிவு போக ஒரு சேலையின் விலை 1,600 ரூபா. கழிவுக்கு முன்னைய விலை யாது? 1,600இல் நூற்றுக்கு 20 வீதமாகிய 320ஐக் கூட்டி 1,920 என்று கூறுவோர் பலர். 1,920இலிருந்து 20 வீதத்தைக் கழித்துப் பார்த்தால் 1,536 வருகின்றது, 1,600 வரவில்லை. கழிவு கணிக்கப்பட்டது பழைய விலையின் மேல். கூட்டியதோ புதிய விலையின் மேல். பழைய விலையை ய ரூபா என்க. ய-இலிருந்து அதன் ஐந்திலொரு பங்கைக் கழிக்க 1,600; அதாவது, 4ய = 8,000; ய = 2,000. வீதம் எதன்மேற் கணிக்கப்படுகின்றது என்பதை ஆராயாதவர் கடையிலும் கடன்பத்திரத்திலும் ஏமாறுதல் எளிது. எழுத்தை இட்டவுடன் அவ்வினா தானே எழுகின்றது.

பொற்கொல்லர் தொழிலில் இன்னொரு கணக்கு. 24 கரட் தூய பொன் 44 கிராம் உளது. அதனை 22 கரட் பொன்னாக்க எத்தனை கிராம் செம்பு சேர்த்தல் வேண்டும்? சேர்க்கும் செம்பு ய கிராம் என்க. இங்கே சமமாக இருப்பது யாது? உருக்குமுன்னும் உருக்கியபின்னும் தூய பொன்னின் நிறை மாறுவதில்லை. புதிய கட்டியின் நிறை 44 + ய. அதில் 24இல் 22 பங்கு தூய பொன். ஆகவே, 22(44 + ய) = 24 பெருக்கல் 44. சுருக்க, 22ய = 88; ய = 4. செம்பு 4 கிராம் சேர்த்தால் 48 கிராம் கட்டி கிடைக்கும். கலவைக் கணக்குகள் யாவற்றுக்கும் மாறாதது எது எனத் தேடுதலே திறவுகோல். மருந்து கரைப்பவரும் பயிருக்கு உரம் கலப்பவரும் செய்வது இதனையே.

தெரியாதவை இரண்டாயின்

தெரியாக் கணியங்கள் இரண்டாயின் பொதுவாக இரு சமன்பாடுகள் வேண்டும். கல்லூரியில் நடைபெற்ற ஒரு நாடகத்துக்குப் பெரியோருக்கு 200 ரூபாவும் மாணவருக்கு 100 ரூபாவும் கட்டணம். விற்ற சீட்டுக்கள் 320. சேர்ந்த பணம் 47,000 ரூபா. பெரியோர் எத்தனைபேர்?

எண்கணித வழியிற் செல்வோர், எல்லோரும் மாணவரேயாயிற் பணம் 32,000 ரூபா என்பர். மிகை 15,000 ரூபா. பெரியவர் ஒவ்வொருவராலும் 100 ரூபா மிகும். எனவே பெரியோர் 150 பேர், மாணவர் 170 பேர். அட்சரகணித வழியிற் பெரியோர் ய, மாணவர் ர எனின், ய + ர = 320; 200ய + 100ர = 47,000. முதற் சமன்பாட்டை 100ஆற் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழிக்க, 100ய = 15,000; ய = 150. இரு வழியும் ஒன்றே. முன்னையது இக்கணக்குக்கு மாத்திரம் தோன்றிய யுத்தி. பின்னையது எல்லாக் கணக்குக்கும் உரிய நெறி.

இதிலிருந்து இன்னொரு பயனும் உண்டு. பொருளாளரின் புத்தகத்திற் பணம் 46,950 ரூபா எனப் பதியப்பட்டிருந்தால், பெரியோர் நூற்று நாற்பத்தொன்பதரைப் பேர் என விடை வரும். அரை மனிதர் நாடகம் பார்க்க வருவதில்லை. எனவே கணக்குப் புத்தகத்தில் எங்கோ பிழை உளது என்பது ஐயமின்றித் தெரிகின்றது. விடை பொருந்தாமையும் ஓர் அறிவே.

எதனைத் தேர்வது?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்யும் கமக்காரர் ஒருவரைக் கருதுவோம். நீரிறைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் மணித்தியாலத்துக்கு 400 ரூபா. சொந்தமாக வாங்கினால் விலை 60,000 ரூபா. இயக்கும் செலவு மணித்தியாலத்துக்கு 150 ரூபா. எது நன்று? அயலார் ஒருவர் வாங்கு என்பார். மற்றவர் வேண்டாம் என்பார். சமன்பாடு வேறொன்று சொல்லும். ய மணித்தியாலம் இறைத்தால் இரு செலவும் சமமாகுமெனின், 400ய = 60,000 + 150ய; 250ய = 60,000; ய = 240. 240 மணித்தியாலத்துக்குக் குறைவாக இறைப்பவர் வாடகைக்கு எடுத்தல் நன்று; கூடுதலாக இறைப்பவர் வாங்குதல் நன்று. வாரத்துக்கு 8 மணித்தியாலம் இறைப்பவருக்கு அது 30 வாரம்.

இங்கே சமன்பாடு முடிவைத் தரவில்லை. முடிவு எங்கே மாறுகின்றது என்பதைத் தந்தது. எஞ்சிய வினா கமக்காரருடையது. அவர் எத்தனை மணித்தியாலம் இறைப்பார்? இயந்திரம் பழுதுபட்டாற் செலவு என்ன? 60,000 ரூபா கடன்பட்ட பணமாயின் வட்டி என்ன? இவற்றுள் அறியக்கூடியவற்றைச் சமன்பாட்டிற் சேர்த்து மீண்டும் தீர்க்கலாம். "வாங்கலாமா?" என்னும் மங்கலான வினா, அளந்து விடை காணத்தக்க சில வினாக்களாகப் பிரிந்துவிட்டது. கடன்பட்டு வாங்கும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய உதவியன்று.

விடையை வாசித்தல்

சமன்பாடு தரும் விடையை வாசிக்கவும் பழகல் வேண்டும். தந்தைக்கு வயது 40, மைந்தனுக்கு 16. எத்தனை ஆண்டுகளின் பின் தந்தையின் வயது மைந்தன் வயதின் மும்மடங்காகும்? 40 + ய = 3(16 + ய) எனத் தீர்க்க ய = −4 என வரும். விடை பிழை என மாணவன் அஞ்சுவான். பிழை விடையிலன்று, வினாவில். "பின்" என்று கேட்டதற்கு "முன்" எனச் சமன்பாடு திருத்துகின்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தந்தைக்கு 36, மைந்தனுக்கு 12.

சில சமன்பாடுகளுக்கு விடையே இல்லை. ஒரு வாடகைக் காருக்கு 1,000 ரூபாவும் கிலோமீற்றருக்கு 120 ரூபாவும். மற்றொன்றுக்கு 400 ரூபாவும் கிலோமீற்றருக்கு 120 ரூபாவும். இரு கூலியும் எப்பொழுது சமம்? 1,000 + 120ய = 400 + 120ய என்பதில் இரு பக்கத்திலும் 120ய நீங்க, 1,000 = 400 என வரும். இவை ஒருபோதும் சமமாகா என்பதே விடை. வரைபிலே இவை என்றும் சந்திக்காத இணைகோடுகளாக அமையும்.

எளிய சமன்பாட்டை வரைந்தால் நேர்கோடு வருவது, சமமான ஒவ்வோர் அடிக்கும் சமமான மாற்றம் நிகழ்வதால். அவ்வாறு நிகழாத இடத்தில் அது பயன்படாது. ஐந்து வயதில் 110 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளை ஆண்டுக்கு 6 சென்ரிமீற்றர் வளர்வதாயின், அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு 110 + 6ய என்னும் கோவை பொருந்தும். அதனையே நம்பி முப்பது வயதுக்குக் கணித்தால் உயரம் 260 சென்ரிமீற்றர் ஆகும். கூட்டுவட்டியும் நேர்கோட்டில் வளர்வதில்லை. அதனை நேர்கோடு என நம்பிக் கடன்படுபவர் காலம் செல்லச் செல்ல இடர்ப்படுவார். கருவியை அறிதல் போலவே அதன் எல்லையை அறிதலும் கல்வியாகும்.

இறுதியாக ஒன்று. எளிய சமன்பாட்டின் விடையை மாணவன் தானே சோதிக்கலாம். கண்ட பெறுமானத்தைக் கணக்கிற் பிரதியிட்டால் அது சரியோ பிழையோ என்பது உடனே தெரிந்துவிடும். ஆசிரியரின் சிவப்பு மையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எனினும் சோதனையைச் சமன்பாட்டிலன்றி, முதலிற் கூறப்பட்ட கணக்கின் சொற்களிலேயே செய்தல் வேண்டும். சமன்பாட்டையே பிழையாக அமைத்திருந்தால் அதுவும் அப்பொழுது வெளிப்படும். தன் விடையைத் தானே சோதித்து, பிழையாயின் தானே திருத்தும் பழக்கம் பரீட்சை மண்டபத்தோடு முடிவதன்று. அப்பழக்கத்தை ஒரு மாணவனிடம் உண்டாக்கிய வகுப்பு, அட்சரகணிதத்தைக் கற்பித்ததன் பயனை அடைந்ததாகும்.